வாய் திறக்காத அண்ணனும் மூன்று பங்குக் கிணறும்: ஒரு நிகழ்வு ஆய்வு

வந்த காரணம்

மேலூர்ப் பக்கத்து விவசாயி. வயது ஐம்பத்திரண்டு. இரத்த அழுத்தத்துக்கு இரண்டு வகை மாத்திரை சாப்பிடுகிறார், ஒரு வேளைகூடத் தவறவிடுவதில்லை. உப்பைக் குறைத்தாகிவிட்டது. ஊறுகாயையும் கருவாட்டையும் மகள் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. சிறுநீரகம், தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று, கோளாறு எதுவும் இல்லை. அப்படியும் பிபி ஒரு நாள் 136/84 காட்டும், இரண்டு நாள் கழித்து 168/102 காட்டும். பின்மண்டை வலி வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் அப்புறம் விடியும்வரை தூக்கம் கிடையாது. மருத்துவர் என்னிடம் அனுப்பிய சீட்டில் ஒரே வரிதான் இருந்தது: "மனசுல எதையோ வச்சிருக்கார், கேட்டுப் பாருங்க."

கேட்டேன். "எனக்கு ஒரு கவலையும் இல்லைங்க. நான் கோவப்படுற ஆளே கிடையாது. யாரையும் ஒரு வார்த்தை சொன்னவன் இல்லை" என்றார். சொல்லும்போது பல்லைக் கடித்திருந்தது தாடையில் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் நர்சிங் படிக்கிறவள். "அதான்ங்க பிரச்சினையே. கிணத்துல எட்டு மாசமா அப்பா யார்ட்டயும் பேசுறதில்லை" என்றாள். அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

கோபத்துக்கு ஆலோசனை கேட்டு எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் கத்துகிறவர்கள், இல்லையென்றால் கத்துகிறவர்களால் இழுத்து வரப்படுகிறவர்கள். அடக்கிக்கொள்கிறவர்கள் தாங்களாக வருவதே இல்லை. பிபி, அல்சர், தூக்கமின்மை என்று வேறு வாசல் வழியாகத்தான் வந்து சேர்கிறார்கள். ஊரில் அவர்களுக்கு நல்ல பெயர் வேறு இருக்கும். "தங்கமான மனுசன், அதிர்ந்து பேசமாட்டார்."

இதில் வருகிறவர்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மேலே சொன்ன விவசாயியை மூத்தவர் என்றும், மற்ற இருவரை இளையவர், சின்னம்மா என்றும் எழுதுகிறேன்.

கிணறும் பங்கும்

தாத்தா வெட்டிய கிணறு. அவருடைய மூன்று மகன்களுக்கும் மூன்று பங்கு. முதல் மகனின் பிள்ளை மூத்தவர். இரண்டாவது மகனின் பிள்ளை இளையவர், முப்பத்தெட்டு வயது. மூன்றாவது மகன் காலமாகிவிட்டார், அவர் மனைவி சின்னம்மா அந்தப் பங்கைப் பார்த்துக்கொள்கிறார். ஏழரை எச்.பி. மோட்டார் ஒன்று, அதற்கு ஒரு கொட்டகை, ஒரு சாவி. ஆளுக்கு இரண்டு நாள் முறை. சாயங்காலம் ஆறு மணிக்கு முறை கைமாறும்.

பெரியாற்றுப் பாசனத்தில் கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், 45,041 ஏக்கர். அதற்குக் கீழே மேலூர்ப் பகுதி ஒருபோகம், 85,563 ஏக்கர். அணையில் தண்ணீர் போதுமான அளவு இருந்தால் செப்டம்பரில் திறப்பார்கள், இல்லாவிட்டால் தள்ளிப்போகும். கடைமடைக்காரருக்கு அதுவும் எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியாது. எனவே நெல் பால் பிடிக்கிற கடைசி நாட்களில் பயிரைக் காப்பாற்றுவது கிணறுதான். அந்த நேரத்தில் இரண்டு முறை தப்பினால் அறுப்பது பாதிக்கு மேல் பதராகத்தான் இருக்கும்.

இந்தக் கிணற்றின் சிக்கல் ஒரு பழைய விதியில் தொடங்குகிறது. தாத்தா காலத்தில் கமலை கட்டி மாட்டை வைத்து இறைத்தார்கள். அதற்கு நாள் கணக்கு சரியாக இருந்தது. மாடு களைத்தால் அது அவனவன் மாடு. அப்புறம் மோட்டார் வந்தது, விவசாயத்துக்கு மின்சாரமும் இலவசமானது. ஆனால் மும்முனை மின்சாரம் நாள் முழுக்க வருவதில்லை, வருகிற நேரத்திலும் இடையில் போகும். நாள் கணக்கை மட்டும் யாரும் மாற்றவில்லை. உன் முறையில் கரண்ட் போனால் அது உன் தலையெழுத்து, அடுத்தவன் முறையில் கேட்கக்கூடாது. இதுதான் இன்றுவரை விதி.

தை மாதத்தில் ஒரு ராத்திரி, இளையவர் முறையில், மோட்டார் எரிந்தது. கரண்ட் அரைகுறையாக இருந்தபோது கண்டன்சர் போட்டு, மும்முனையில் இரண்டு முனையை (பேஸ்) மட்டும் வைத்து ஓட்டியிருக்கிறார். அது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும், ஆத்திர அவசரத்துக்கு எல்லோரும் செய்வதும் உண்டு. காயில் கருகிப் புகை வந்தது. மூத்தவர் ஓடிவந்தார், பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். மறுநாள் காயில் கட்டும் செலவில் தன் பங்கை மகன் கையில் கொடுத்து மெக்கானிக்கிடம் அனுப்பினார். இளையவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. கையில் கொடுத்து வாங்கிய சாவி அன்றிலிருந்து கொட்டகை நிலையில் அடித்த ஆணியில் தொங்கத் தொடங்கியது.

மகளின் நோட்டுப் புத்தகம்

மருத்துவமனையில் பார்க்கும் பிபியை மட்டும் நம்ப முடியாது என்பதால் மகள் வீட்டிலேயே டிஜிட்டல் கருவியில் அளந்து எழுதிவந்தாள். முறையாகச் செய்தாள். ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைப்பாள், முதுகுக்குச் சாய்மானம் கொடுப்பாள், இரண்டு காலும் தரையில் படவேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கவேண்டும், அளக்கும்போது பேச்சு கிடையாது. அதற்கு அரை மணி முன்னால் காப்பியும் பீடியும் கிடையாது. (பீடி விஷயத்தில் தகப்பனும் மகளும் போட்ட சண்டை தனிக் கதை.) வீட்டில் அளக்கும்போது 135/85 என்பதுதான் எல்லைக்கோடு, மருத்துவமனையின் 140/90-ஐவிடக் கொஞ்சம் குறைவு.

நான் கேட்டுக்கொண்டபடி ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அன்று நடந்ததை ஒரு வரியில் எழுதினாள். "உரம் போட்டோம்." "மாடு கன்று போட்டது." "லைன்மேனிடம் போனில் சத்தம் போட்டார்." "அழகர்கோவிலில் காதுகுத்து."

மூத்தவருக்குத் தன் முறை நாட்களில்தான் பிபி ஏறும் என்று நினைத்திருந்தோம். வேலை, கண்விழிப்பு, கரண்ட் கவலை எல்லாம் அன்றைக்குத்தானே. நோட்டில் இருந்தது வேறு. முறை கைமாறுகிற சாயங்காலங்களில்தான் எண் உச்சத்துக்குப் போயிருந்தது. கொட்டகைக்குப் போய், ஆணியில் தொங்கும் சாவியை எடுத்து, பத்தடி தள்ளி நிற்கும் இளையவரைப் பார்க்காமல் பார்த்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்து அரை மணி கழித்து அளந்தாலும் மேல் எண் 160-க்குக் குறையவில்லை. லைன்மேனிடம் கத்திய நாளில் ராத்திரி எண் சாதாரணமாகவே இருந்தது. அழகர்கோவில் காதுகுத்தில் தண்ணீரும் இல்லை மோட்டாரும் இல்லை, ஒரே பந்தியில் இளையவர் எதிரில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அன்று 164.

உடம்புக்குள் இரண்டு வேகத்தில் வேலை நடக்கிறது. ஆபத்து என்று மூளை முடிவுகட்டிய சில நொடிகளில் அட்ரினலின் என்ற ஹார்மோன் ஏறுகிறது, இதயம் வேகமெடுக்கிறது, இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. நெருக்கடியில் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான கார்டிசால் மெதுவாக வருகிறது. அது உச்சம் தொடுவதற்குச் சம்பவம் தொடங்கி இருபது முப்பது நிமிடம் ஆகும். அதற்குள் மனிதர் வீட்டுக்கு வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். ஆனால் நடந்ததை மனதுக்குள் திரும்ப ஓட்டினால் பிபி மறுபடியும் ஏறும் என்பது ஆய்வுக்கூடங்களில் பார்த்த விஷயம். இவர் கட்டிலில் உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

எந்த மாதிரி நெருக்கடி கார்டிசாலை அதிகம் கூட்டுகிறது என்று 208 ஆய்வுகளைச் சேர்த்து 2004-இல் ஓர் அலசல் வெளியானது. இரண்டு அம்சங்கள் ஒன்றாகச் சேரும்போதுதான் ஏற்றம் மிக அதிகம்: மற்றவர்கள் நம்மை எடைபோடுகிறார்கள் என்ற நிலை, நடப்பது நம் கையில் இல்லை என்ற நிலை. கொட்டகை, டீக்கடைக்குப் போகும் பாதையில் இருக்கிறது. சாவி எடுக்கும் நேரம் ஊர் நடமாடும் நேரம். "அண்ணன் தம்பி பேசிக்கிறாய்ங்களா இல்லையா" என்று ஊர் பார்க்கிறது. கரண்ட் எப்போது வரும் என்பது யார் கையிலும் இல்லை. இரண்டும் அங்கே ஒரே இடத்தில் இருந்தன.

சரி, இவர்தான் கோபத்தை வெளியே காட்டவே இல்லையே, உடம்பு ஏன் இப்படிக் கொதிக்கிறது? உணர்ச்சியைக் கையாள்வது பற்றிய ஆய்வுகளில் ஜேம்ஸ் கிராஸ் முக்கியமானவர். 1998-இல் வெளியான சோதனையில் ஒரு கையைத் துண்டிக்கும் அறுவைச் சிகிச்சையின் படத்தைப் பங்கேற்பாளர்களுக்குப் போட்டுக் காட்டினார். ஒரு குழுவிடம் முகத்தில் எதையும் காட்டாதீர்கள் என்றார். இன்னொரு குழுவிடம் ஒரு மருத்துவர் பார்ப்பதுபோல, உணர்ச்சி கலக்காமல் பாருங்கள் என்றார். மூன்றாவது குழுவிடம் எதுவும் சொல்லவில்லை. முதல் இரண்டு குழுக்களின் முகமும் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் முகத்தை அடக்கியவர்களுக்கு அருவருப்பு குறையவில்லை. வியர்வை, இரத்தக் குழாய் இறுக்கம் போன்றவை எதுவும் சொல்லப்படாதவர்களைவிட அதிகமாகவே இருந்தன. பார்க்கும் விதத்தை மாற்றிக்கொண்டவர்களுக்கு அருவருப்பே குறைந்தது, உடம்பிலும் கூடுதல் சுமை ஏறவில்லை.

நோட்டை மூத்தவரிடம் காட்டினேன். நிறைய நேரம் புரட்டிப் பார்த்தார். "அப்ப நான் கோவக்காரன்னு சொல்றீங்க" என்றார். ஆமாம் என்றேன். சிரித்தார். அந்த ஒரு சிரிப்புக்குப் பிறகுதான் அவரிடம் எதையும் பேச முடிந்தது.

அந்த முகத்துக்கு எதிரில் நின்றவர்

இளையவரை மகள்தான் "வாங்க சித்தப்பா, ஒரு தடவை" என்று கூட்டிவந்தாள். அண்ணன் தன்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை என்பதையே வேறு வேறு விதமாகச் சொன்னார்.

"கெட்ட வார்த்தையில வஞ்சிருந்தாக்கூட தாங்கிருப்பேங்க. அந்த மூஞ்சியப் பார்த்தாலே நெஞ்சு படக்குபடக்குங்குது. என்ன நினைக்கிறார்னே தெரியலை. கோர்ட்டுல கேஸ் போடப் போறார்னு ஊருக்குள்ள சொல்றாய்ங்க."

கேஸ் போடும் எண்ணம் மூத்தவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் அந்த ஊகத்தின் மேல்தான் இளையவர் எட்டு மாதமாக நடந்திருக்கிறார். எப்படியும் பங்கைப் பிரிக்கப் போகிறார், நான் எதற்குப் பொது வாய்க்காலைச் செதுக்க வேண்டும்? வைகாசியில் தூர் எடுக்க ஆள் விடவில்லை. பொது மதகுப் பலகை உடைந்ததைப் பார்த்தும் பேசாமல் போனார். முன்பெல்லாம் நடுராத்திரி கரண்ட் வந்தால் யார் முதலில் பார்க்கிறார்களோ அவர் மற்றவருக்குப் போன் போடுவார். அதுவும் நின்றது. இதையெல்லாம் மூத்தவர் பார்த்தார், "பார்த்தீங்களா, நான் நினைச்சது சரிதான்" என்று மனதுக்குள் இன்னொரு கல்லை ஏற்றிக்கொண்டார்.

அடக்கும் ஒருவரால் எதிரில் இருப்பவருக்கு என்ன ஆகிறது என்பதை எமிலி பட்லரும் கிராஸும் மற்றவர்களும் சேர்ந்து 2003-இல் பார்த்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத பெண்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சுக்குப் பிறகான காட்சிகள் கொண்ட படத்தைக் காட்டிப் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருவரிடம் மட்டும் ரகசியமாக, உணர்ச்சியை வெளியே காட்டாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். அவருடன் பேசியவருக்கு இது தெரியாது. ஆனாலும் அந்த எதிராளியின் இரத்த அழுத்தம் ஏறியது. பேச்சில் ஒட்டுதல் குறைந்தது, இவரோடு நட்பாக இருக்கலாம் என்ற எண்ணமும் குறைந்தது. சும்மா இருந்தவருக்கும் சேர்த்தே சுமை.

இளையவருக்கும் என் அறையில் அளந்தேன். வந்து உட்கார்ந்து ஓய்ந்த பிறகு ஒரு தடவை, சாவி எடுக்கும் காட்சியை அவர் சொல்லி முடித்த பிறகு ஒரு தடவை. இரண்டாவது நன்றாகவே கூடியிருந்தது. பேசினாலே பிபி ஏறும் என்பதால் இதை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குமா?" என்று கேட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேற்சொன்ன ஆய்வுகளை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, மதுரைக்காரர்கள் எல்லாம் மனதில் உள்ளதைக் கொட்டிவிட வேண்டும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் வாழும் ஆசியப் பின்னணிப் பெண்களை வைத்து அதே பட்லர் பின்னால் செய்த ஆய்வுகளில் முடிவு மாறியது. தங்கள் வளர்ப்பில் அடக்கத்தை மதிப்பாகக் கருதுகிறவர்களுக்கு அடக்குவதால் வரும் கெடுதல் குறைவாக இருந்தது. என் அனுபவமும் இதோடு ஒத்துப்போகிறது. இளையவரும்தான் அண்ணன் முன்னால் வாய் திறக்கவில்லை. ஆனால் அது பெரியவர் என்ற மரியாதையில் வந்த மௌனம். தன் மௌனத்தைப் பற்றி அவருக்கு ஒரு பாரமும் இல்லை. மூத்தவருடையது பகையில் வந்த மௌனம். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான், உள்ளே ஆகிற செலவு வேறு.

கேட்காமல் போன வாக்கியம்

இருவரையும் உடனே எதிரெதிரே உட்காரவைக்கவில்லை. மூத்தவரின் நண்பர் ஒருவர், "நாலு பேர் முன்னால நல்லா கேட்டுவிட்டுரு, பாரம் இறங்கிரும்" என்று தூண்டிக்கொண்டிருந்தார். பாரம் இறங்காது. 2002-இல் பிராட் புஷ்மன் நடத்திய சோதனையில், தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே மணல்மூட்டையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியதே தவிரத் தணியவில்லை. ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களே தேவலாம் என்று ஆனது. கொட்டுவதும் அடக்குவதும் எதிரெதிர் மருந்துபோலத் தெரிந்தாலும் இரண்டிலும் மனதுக்குள் ஓடும் கதை மாறுவதில்லை.

எனவே அந்தக் கதையைத்தான் எடுத்தோம். மூத்தவரின் கதை இது: "அவன் திமிரு. அடுத்தவன் காசுதானேன்னு கண்டன்சர் போட்டு ஓட்டிருக்கான். எரிஞ்சப்புறமும் ஒரு வருத்தம் கிடையாது, மன்னிப்பு கிடையாது." நல்லதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் மேலூர்க்காரர் எழுந்து போய்விடுவார், போகவும் வேண்டும். நடந்ததற்கு வேறு உண்மையான விளக்கம் இருக்கிறதா என்று தேடச் சொன்னேன். எரிந்ததற்கு முந்தைய ராத்திரி இளையவர் முறையில் எவ்வளவு நேரம் கரண்ட் இருந்தது?

அவருக்குத் தெரியும், அவரும் அன்று விழித்திருந்தார். ராத்திரி முழுக்க ஒன்றரை மணி நேரம்கூட வரவில்லை. நெல் பால் பிடித்திருந்த சமயம். விதிப்படி அந்த நேரம் போனது போனதுதான். "அவன் இடத்துல நானா இருந்தா?" என்று அவரே கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நானும் ஒரு தடவை ஓட்டிருக்கேன். எரியலை, அவ்வளவுதான்" என்றார்.

அப்புறம் இன்னொன்று வெளியே வந்தது. மோட்டார் எரிந்த ராத்திரி தான் சொன்னதாக இளையவர் சொல்லும் வாக்கியம்: "முழுச் செலவையும் நானே தர்றேன்ணே." மூத்தவர் அப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை என்கிறார். பொய் சொல்கிற ஆள் இருவருமே இல்லை. சின்னம்மாவிடம் விசாரித்ததில், "சொன்னானே, ரெண்டு தடவை சொன்னான். இவன் அங்கிட்டுத் திரும்பி நின்னுக்கிட்டு இருந்தான்" என்றார்.

முகத்தைக் காட்டாமல் இருப்பதிலேயே கவனம் முழுவதும் போய்விட்டால் எதிரில் பேசுவது மனதில் பதியாது. அடக்கிக்கொண்டே படம் பார்த்தவர்கள் அதில் வந்த விவரங்களை மோசமாக நினைவில் வைத்திருந்தார்கள், பார்க்கும் விதத்தை மாற்றிக்கொண்டவர்களுக்கு அந்தக் குறை இல்லை என்று 2000-இல் ஜேன் ரிச்சர்ட்ஸும் கிராஸும் காட்டினார்கள். எரிந்த ராத்திரியில் மூத்தவருக்கும் இதுதான் நடந்தது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. மோட்டார் கருகிய புகை, கூட்டம், சத்தம் எல்லாம் இருந்தது. ஆனால் அவருக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது. எட்டு மாதம் மன்னிப்பு வரவில்லை என்று காத்திருந்தவருக்கு, அது முதல் நிமிடத்திலேயே வந்துவிட்டது என்று தெரிந்தால் என்ன ஆகும்! பையிலிருந்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். காற்றாடியைக் கூட்டச் சொன்னார்.

மூச்சுப் பயிற்சி பற்றி ஒரு வரி. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் மெதுவாக விட்டால் இதயத் துடிப்பின் இயல்பான ஏற்ற இறக்கம் கூடும், படபடப்பு இறங்கும். கண்ணை மூடி உட்கார அவர் ஒப்பவில்லை. வீட்டிலிருந்து கொட்டகைக்குப் போகும் வரப்பில் நடந்துகொண்டே செய்தார். அது போதும்.

உட்கார்ந்து பேசியது

ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். பஞ்சாயத்து கெட்டது என்பதற்காக இல்லை. பத்துப் பேர் பார்க்க இருவரில் ஒருவர் இறங்கிவர வேண்டிய நிலை வந்தால் அந்த உடம்பு மறுபடி கொட்டகை வாசலில் நின்றதுபோல ஆகிவிடும். சின்னம்மா வீட்டுத் தாழ்வாரத்தில், மூன்று பங்குக்காரர்கள் மட்டும் உட்கார்ந்தார்கள். நான் ஓரமாக இருந்தேன்.

மூத்தவர் முதல் வாக்கியத்தை முன்கூட்டியே யோசித்து வந்திருந்தார். "அன்னைக்கு ராத்திரி எனக்கு ரொம்பக் கோவம்டா தம்பி. இன்னும் கொஞ்சம் இருக்கு." குரலை உயர்த்தவில்லை. இளையவர் அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அவர், "அதை அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல அண்ணே" என்றார், கொஞ்சம் எரிச்சலோடு. எனக்கு அந்த எரிச்சல் பிடித்திருந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அண்ணனிடம் அவர் முகம் கோணுகிறது, அண்ணனும் அதைப் பார்க்கிறார். இரண்டு பேருக்கும் எதிராளி என்ன நினைக்கிறார் என்பது தெரிந்துவிட்டது.

அண்ணன் தம்பி சமாதானம் என்ற அளவில் இதோடு எழுதுவதை நிறுத்தியிருக்கலாம். ஆனால் தாழ்வாரத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார்.

சின்னம்மாவின் கணக்கு

இந்த எட்டு மாதத்தில் யாரும் சின்னம்மாவைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவருக்கு ராத்திரித் தூக்கம் நன்றாக வருகிறது, தலைவலி இல்லை. கரண்ட் போனால் "போகட்டும், மழை வராமலா போயிரும்" என்பார். வாய்க்கால் அடைத்துக்கொண்டால் தானே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போவார். உணர்ச்சியைக் கையாள்வதில் நூற்றுக்கு நூறு வாங்குகிற ஆள். மூன்று பங்கில் குறைவாக விளைந்ததும் அவர் வயல்தான். சுத்தம் செய்யாத வாய்க்காலின் கடைசியில் இருப்பது அவர் வயல். மதகுப் பலகை உடைந்ததில் நஷ்டம் முழுவதும் அவருக்கு.

உணர்ச்சி மேலாண்மை பற்றிப் பயிற்சி வகுப்பு எடுக்கிறவர்கள் (என்னையும் சேர்த்துத்தான்) பேசாமல் தாண்டிப்போகும் இடம் இது. அல்டிமேட்டம் விளையாட்டு என்று ஒன்று உண்டு, 1982-இல் ஜெர்மனியில் வெர்னர் கூத்தும் கூட்டாளிகளும் முதலில் நடத்தினார்கள். ஒருவரிடம் ஒரு தொகை கொடுக்கப்படும், அதைப் பிரித்து எதிராளிக்கு ஒரு பங்கு தருவதாகச் சொல்ல வேண்டும். எதிராளி ஒத்துக்கொண்டால் இருவருக்கும் கிடைக்கும், மறுத்தால் இருவருக்கும் இல்லை. அநியாயமாகக் குறைத்துக் கொடுத்தால் பலரும் நஷ்டப்பட்டாவது மறுக்கிறார்கள். 2010-இல் வந்த ஆய்வில், வந்த பங்கை வேறு கண்ணோட்டத்தில் பார்த்து மனதை ஆற்றிக்கொள்ளச் சொல்லப்பட்டவர்கள், அநியாயமான பங்குகளை மற்றவர்களைவிட அதிகமாக ஏற்றுக்கொண்டார்கள். இதை ஒத்துழைப்பு கூடியது என்றும் சொல்லலாம், குறைவாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள் என்றும் சொல்லலாம். சின்னம்மா பல வருஷமாக இப்படித்தான் வாங்கிக்கொண்டு போகிறார்.

கோபத்துக்கு வேறு பக்கமும் உண்டு. எர்ன்ஸ்ட் ஃபேரும் சைமன் கேஷ்டரும் 2002-இல் வெளியிட்ட சோதனைகளில், பொதுக் காரியத்துக்குப் பணம் போடாமல் நழுவுகிறவரைத் தன் காசைச் செலவழித்துத் தண்டிக்கலாம் என்று விட்டபோது ஒத்துழைப்பு ஏறியது. அந்த வசதி இல்லாதபோது சுற்றுக்குச் சுற்று இறங்கியது. தண்டிக்கவைத்தது பெரும்பாலும் கோபம்தான். மூன்று பேரும் சின்னம்மாவைப் போல இருந்திருந்தால் அந்தக் கிணற்றில் சண்டையே வந்திருக்காது. தூரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

தாழ்வாரத்தில் ஆண்கள் இருவரும் காப்பி குடிக்கத் தொடங்கியதும் சின்னம்மா கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் பேசிட்டீங்க, சந்தோசம். எந் தண்ணிக்கு என்ன பதிலு?"

யாரும் பேசவில்லை. பின்னே அவரே சொன்னார், நாள் கணக்கை விட்டுவிட்டு மணிக்கணக்குக்கு வரலாம் என்று. ஆளுக்கு இத்தனை மணி நேரம் மோட்டார் ஓடவேண்டும். கரண்ட் போனால் அந்த நேரம் கணக்கில் சேராது. கொட்டகையில் ஒரு நோட்டு தொங்கும், போட்ட நேரமும் நிறுத்திய நேரமும் அவரவர் எழுதவேண்டும், எழுதாதவன் அடுத்த முறையில் ஒரு மணி நேரத்தை விடவேண்டும். கண்டன்சர் போட்டு ஓட்டி எரித்தால் முழுச் செலவும் ஓட்டியவனுக்கு. இதை அவர் எத்தனை நாளாக மனதில் வைத்திருந்தாரோ! பொதுச் சொத்தை மக்கள் தாங்களே எப்படிக் கட்டிக்காக்கிறார்கள் என்ற ஆய்வுக்காக எலினோர் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். பயன்படுத்துகிறவர்களே போட்ட விதி, அவர்களே பார்க்கும் கண்காணிப்பு, முதல் தப்புக்குச் சின்னத் தண்டனை என்று அவர் பட்டியலிட்ட அம்சங்கள் தாழ்வாரத்தில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

மூத்தவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை, மணிக்கணக்கு வந்தால் தனக்குக் கொஞ்சம் குறையும் என்று பார்த்தார். இரண்டு வாரம் இழுத்தடித்தார். ஆனால் இந்தத் தடவை மறுப்பை வாய்விட்டுச் சொன்னார், காரணத்தோடு. இளையவர் பதில் சொன்னார். சத்தம்கூட வந்ததாம். அப்புறம் ஒத்துக்கொண்டார்.

இப்போதைய நிலை

மூத்தவரின் பிபி முன்புபோல் ஏறி இறங்குவதில்லை. கைமாறும் சாயங்காலங்களில் எடுத்த எண்கள் மற்ற நாட்களோடு ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. பெரும்பாலும் 140-ஐ ஒட்டி நிற்கிறது, இன்னும் எல்லைக்கோட்டுக்குள் வரவில்லை. மாத்திரை தொடர்கிறது. அவர் அப்பாவுக்கும் பிபி இருந்தது, வயதும் எடையும் இருக்கின்றன, எனவே கோபத்தை அடக்கியதால்தான் நோயே வந்தது என்று நான் எங்கும் எழுதவில்லை. இந்த முன்னேற்றத்தில் எவ்வளவு பேச்சால் வந்தது, எவ்வளவு அறுவடை முடிந்த நிம்மதியால் வந்தது, பீடியைப் பாதியாகக் குறைத்ததால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. பின்மண்டை வலி நின்றிருக்கிறது. இரண்டு மணி விழிப்பு எப்போதாவது வருகிறது.

இளையவர் வாய்க்கால் செதுக்க ஆள் விட்டார். மதகுப் பலகையை மூத்தவர் மாற்றினார். நடுராத்திரி போன் திரும்ப வந்துவிட்டது. கொட்டகை நோட்டில் மூன்று கையெழுத்து இருக்கிறது, சின்னம்மாவுக்காக அவர் பேத்தி எழுதுகிறாள். ஒரு தடவை எழுத மறந்ததற்கு மூத்தவரே ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று, முணுமுணுத்துக்கொண்டே விட்டார்.

இப்போது கிணற்றில் சைடு போர் (கிணற்றுக்குள்ளிருந்து பக்கவாட்டில் இடும் துளை) போடுவதில் தகராறு. எந்தத் திசையில் போடுவது, யார் எவ்வளவு போடுவது என்று மூன்று பேருக்கும் மூன்று கருத்து. சின்னம்மா தன் பங்குக்கு மூன்றில் ஒரு பாகம் தர முடியாது, விளைச்சலை வைத்துத்தான் தருவேன் என்று நிற்கிறார். கோடைக்குள் முடிவாக வேண்டும்.